ஒரே மாட்டை எத்தனை அலுவலகத்துக்கு எண்ணிக் கொடுப்பது? வன்னியில் கால்நடைப் பதிவை எளிதாக்குவது பற்றி

நந்திக்கடல் (முல்லைத்தீவு)

எங்கள் பகுதிக் கால்நடை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு எழுத்து வேலை செய்து கொடுக்கிறேன். ஒரு பண்ணையாளரிடம் யார் யார் என்ன விபரம் கேட்கிறார்கள் என்று படிவங்களை எல்லாம் மேசையில் பரப்பிப் பார்த்தேன். கால்நடை வைத்திய அலுவலகம் பதிவுக்கும் தடுப்பூசிக்கும் கேட்கிறது. கிராம அலுவலர் ஆண்டு விபரத்துக்கும், வெள்ளம் வந்தால் அழிவு விபரத்துக்கும் கேட்கிறார். பிரதேச சபை கட்டாக்காலி என்று பிடித்தால் உரிமையைக் காட்டச் சொல்கிறது. அஸ்வெசும என்ற அரச நிவாரணக் கொடுப்பனவு விண்ணப்பத்தில் சொத்து விபரம் கேட்கிறார்கள். உதவித் திட்டம் கொண்டு வருகிற நிறுவனங்கள் தங்கள் பாட்டுக்கு ஆளுக்கொரு படிவம் வைத்திருக்கின்றன. பெயர், அடையாள அட்டை இலக்கம், பசு எத்தனை, நாம்பன் (காளை) எத்தனை, கன்று எத்தனை என்று எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். பதில்கள்தான் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

இதை ஒரே தாளாக்க முடியுமா என்று சங்கம் கேட்கிறது. தனியே ஒரு படிவம் வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தால் யாரும் ஏற்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இங்கே போடுகிறேன். மாடு வைத்திருப்பவர்கள், டொக்டர்மார், விதானையார்மார் (கிராம அலுவலர்கள்), கணினி தெரிந்தவர்கள் எல்லோரும் இந்தத் தளத்தில் இருக்கிறீர்கள். எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது?

பட்டிக்காரன் (துணுக்காய்)

தங்கச்சி, பதில்கள் ஏன் ஒட்டவில்லை என்று நான் சொல்கிறேன். எண்ணிக்கை கேட்டால், யார் கேட்கிறார் என்று பார்த்துத்தான் சொல்லுவோம். வெள்ள நட்டம் எழுத வந்தால் கூட்டிச் சொல்லுவோம். அஸ்வெசுமவுக்கு வந்தால் குறைத்துச் சொல்லுவோம். காட்டுக்குள் மேய்க்கிறோம் என்று யாராவது விசாரிக்க வந்தால் மாடே இல்லை. தடுப்பூசிக்கு வரும் டொக்டருக்கு மட்டும் உள்ளதைச் சொல்லுவோம், ஊசி குறையக்கூடாது என்பதற்காக.

இன்னொன்று. பட்டி மாடு வீட்டுக் கோடியில் கட்டி நிற்கிற மாடில்லை. காலபோகம் (மாரிகால நெல்) விதைத்தால் வயற்கரையில் நிற்க விடமாட்டார்கள், பட்டியைக் காட்டோரம் சாய்த்துக்கொண்டு போய்விடுவோம். அங்கே பசு கன்று போடும், பாம்பு கடிக்கும், களவு போகும். தை, மாசி கழித்துத் திரும்பி வரும்போதுதான் சரியான கணக்கு எங்களுக்கே தெரியும். நீங்கள் மார்கழியில் வந்து 'இன்றைக்கு எத்தனை?' என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

ஓய்வு_விதானை (வவுனியா வடக்கு)

தம்பி பட்டிக்காரன் சொன்னது முழுக்க உண்மை. இனி எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். கால்நடை விபரம் வேண்டும் என்று கிராம அலுவலர் ஆசைப்பட்டுக் கேட்பதில்லை. மேலே இருந்து தொலைபேசி வரும், நாளைக்குப் பத்து மணிக்குள் அனுப்பு என்று. ஒரு பிரிவில் சில நூறு குடும்பங்கள். ஒரு பின்னேரத்தில் யாரால் பட்டி பட்டியாகப் போய் எண்ண முடியும்? பழைய எண்ணிக்கையை எடுத்து, ஊர் நிலவரம் பார்த்து, கொஞ்சம் கூட்டிக் குறைத்து அனுப்புவதுதான் நடக்கிறது. எழுதுகிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும்.

அமைப்பிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. கிராம அலுவலரும் பிரதேச செயலகமும் மத்திய அரசின் நிர்வாகத்துக்குள். கால்நடை வைத்திய அலுவலகமோ 1987 இன் 13 ஆம் திருத்தத்துக்குப் பிறகு மாகாணத்தின் கீழ். பிரதேச சபை மூன்றாவது கோடு. இந்த மூன்றும் ஒரே மேசைக்கு வருவது ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில். அங்கே வீதியும் குளமும் காணிப் பிரச்சினையும் பேசி முடிக்கவே பொழுது போய்விடும், படிவம் பற்றி யார் கதைப்பது? ஒரே தாள் வேண்டுமென்றால் மூன்று கோட்டிலும் கையெழுத்துப் போடக்கூடியவர்கள் கூடி இருக்க வேண்டும். தாளின் அழகு இரண்டாவது விடயம்.

அறிவியல்நகர்_பொடியன் (கிளிநொச்சி)

இதுக்கு ஒரு அப் செய்தால் முடிந்தது. ஒவ்வொரு மாட்டுக்கும் கியூஆர், படம், ஜீபிஎஸ். பண்ணையாளர் தானே பதியலாம், எல்லாத் திணைக்களங்களும் ஒரே தரவுத்தளத்தில் பார்க்கலாம். இறுதியாண்டு செயற்றிட்டமாகவே செய்யலாம்.

பட்டிக்காரன் (துணுக்காய்)

எல்லாத் திணைக்களங்களும் ஒரே இடத்தில் பார்க்கலாம் என்றால் நான் ஒரு மாட்டையும் பதியமாட்டேன். மேலே எழுதினதை ஒருக்கா திரும்ப வாசியுங்கோ தம்பி.

பால்புத்தகம் (பாண்டியன்குளம் பக்கம்)

காட்டோரம் சிக்னலும் இல்லை. அதை விடுங்கள்.

கால்நடை_டொக்டர்

மிருக வைத்தியராக வேலை செய்கிறேன், இடம் சொல்லவில்லை. எங்களுக்கு எண்ணிக்கை ஏன் வேண்டும் என்பதை முதலில் சொல்கிறேன். சனம் பெரியம்மை என்று சொல்கிற தோல் கழலை நோய் 2020 இல் வடக்கில்தான் முதலில் தென்பட்டது. அது கடிக்கிற ஈயாலும் நுளம்பாலும் பரவும், மாடு ஏற்றிய லொறியாலும் ஊர் தாண்டும். எந்தக் கிராமத்தில் எத்தனை மாடு, கடந்த மாதம் எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்தால் நோய் கண்ட இடத்தைச் சுற்றி உடனே ஊசி போடலாம். தெரியாவிட்டால் நோய்க்குப் பின்னால் ஓட வேண்டியதுதான். கால்-வாய் நோய்க்கும் இதே கதை. 2022 டிசம்பர்க் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் செத்தன. மழையும் காற்றும் குளிரும் சேர்ந்தடித்ததுதான் காரணமா, உள்ளே ஏதும் தொற்று இருந்ததா என்று சொல்ல முதலில் தேவைப்பட்டது, எந்த ஊரில் எத்தனை நின்றன, எத்தனை விழுந்தன என்ற எளிய கணக்கு. அது கையில் இருந்தால் இறைச்சிக்குத் தடை போடுவதா வேண்டாமா என்ற முடிவும் வேறு வேகத்தில் வரும்.

இனி, நோய்க் கட்டுப்பாட்டுக்கு உண்மையில் என்ன தேவை? யாருடையது, எங்கே நிற்கிறது, என்ன இனம், ஏறத்தாழ எத்தனை. பிறகு மூன்று நிகழ்வுகள்: கன்று பிறந்தது, செத்தது, இடம் மாறியது. அவ்வளவுதான். குடும்ப வருமானம் எனக்கு வேண்டாம். தொழுவம் கல்லா கிடுகா என்பதும் வேண்டாம். ஆனால் எங்கள் படிவத்திலும் அவை இருக்கின்றன, ஏனென்றால் எப்போதோ ஒரு திட்டத்துக்காக யாரோ சேர்த்தார்கள், திட்டம் முடிந்தும் கேள்வி போகவில்லை. இதை நானும் எங்கள் எல்.டி.ஓமாரும் (கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர்கள்) மாதாமாதம் திருப்பித் திருப்பி எழுதுகிறோம். அந்த நேரத்தில் நாலு பட்டிக்குப் போய் வரலாம்.

சட்டப்புள்ளி (வவுனியா)

இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எது சட்டம் கேட்பது, எது வழக்கமாகிப் போனது?

1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டம் குறி சுடுதல், கொண்டுசெல்லும் அனுமதி, வெட்டுவதற்கான கட்டுப்பாடு போன்றவற்றைச் சொல்கிறது. 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் நோய் அறிவித்தலையும் கட்டுப்பாட்டையும் சொல்கிறது. இவை இரண்டும் கேட்பதை நாங்கள் வெட்ட முடியாது. மற்றவற்றுக்கு அடிப்படை என்ன என்று கேட்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரே கடிதம் போடுங்கள்: இந்தப் படிவம் எந்தச் சுற்றுநிருபத்தின்படி, சேர்த்த விபரம் யாருக்குப் போகிறது என்று. பதினான்கு வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். சில படிவங்களுக்கு அடிப்படையே கிடையாது என்று பதில் வந்தால் அந்தப் படிவத்தின் கதை அன்றோடு முடிந்தது.

பட்டிக்காரன் அண்ணையின் பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே, ஒரு நோக்கத்துக்காக வாங்கிய விபரத்தை அதோடு பொருந்தாத இன்னொன்றுக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது. ஊசிக்குச் சொன்ன எண்ணிக்கை அஸ்வெசும மேசைக்குப் போகாது என்று தாளிலேயே எழுத வேண்டும். அதற்குக் கீழே இரண்டு பக்கத்தாரும் கையெழுத்திட வேண்டும். வெறும் வாய்ப்பேச்சு வேண்டாம்.

குளக்கட்டு (மாங்குளம்)

இடையில் ஒன்று. 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடத்தில் குரங்கையும் மயிலையும் எண்ணினோமே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு ஒரே ஒரு படிவம்தான். குரங்குக்கு இருக்கிற வசதி மாட்டுக்கு இல்லை.

ஓய்வு_விதானை (வவுனியா வடக்கு)

எண்ணினோம். என் முற்றத்தில் நின்ற மயில் எட்டே ஐந்துக்குப் பக்கத்து வளவுக்குப் போய்விட்டது. அவர்களும் எழுதியிருப்பார்கள்.

ஈலிங்_ஈசன் (லண்டன், சொந்த ஊர் முள்ளியவளை)

நான் இங்கே அரச சேவைகளுக்கு இணையவழிப் படிவங்கள் செய்கிற ஒரு குழுவில் வேலை செய்கிறேன். இங்கத்தைய கதையைச் சொல்கிறேன், பின்பற்றச் சொல்லவில்லை.

பைத்தியப் பசு நோய்க்குப் பிறகு பிரித்தானியாவில் ஒவ்வொரு மாட்டுக்கும் கடவுச்சீட்டு என்று ஒரு ஆவணம் வந்தது. அதைக் கவனிக்க 1998 இல் வேர்க்கிங்டனில் ஒரு அலுவலகம் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் பால் மாட்டுக் கன்றுக்கு 36 மணி நேரத்துக்குள் முதல் காது இலக்கம் போட வேண்டும், 27 நாளுக்குள் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், மாடு இடம் மாறினால் மூன்று நாளுக்குள் அறிவிக்க வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் 2001 இல் கால்-வாய் நோய் வந்தபோது ஆறு மில்லியனுக்கு மேற்பட்ட விலங்குகளைக் கொன்றார்கள். நோயை நாடு முழுக்கக் கொண்டுபோனதில் பெரும்பங்கு சந்தை சந்தையாக மாறிய ஆடுகளுக்கு. அவற்றைத் தனித்தனியாகத் தேட வழி இருக்கவில்லை. மாட்டுக்கு அவ்வளவு தாள், ஆட்டுக்கு ஒன்றுமில்லை. கேள்வி அதிகமாக இருந்த இடமும் ஆபத்து இருந்த இடமும் வேறு வேறு.

குழு என்று நாங்கள் சொல்வது கூட்டம் வைத்துக் கலைவதை அல்ல. கொள்கை எழுதுகிறவர், மிருக வைத்தியர், கேள்வியின் சொற்களை எழுதுகிறவர், நிரலாளர், பண்ணைக்குப் போய்ப் பக்கத்தில் நின்று பார்க்கிற ஆய்வாளர் எல்லோரும் மாதக்கணக்கில் ஒரே வேலையை ஒரே இடத்தில் செய்கிறார்கள். பண்ணையாளர் எந்தக் கேள்வியில் பேனாவைத் தூக்கிக்கொண்டு யோசிக்கிறார் என்று பார்த்தால், அது நாங்கள் தவறாகக் கேட்ட கேள்வி. நிரல் எழுதுவது அதற்குப் பிறகுதான். அறிவியல்நகர்த் தம்பி கோவிக்க வேண்டாம்.

அறிவியல்நகர்_பொடியன் (கிளிநொச்சி)

கோபமில்லை அண்ணை. யோசித்துப் பார்த்தால் எங்களிடம் இதற்கு வசதி இருக்கிறது. யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அறிவியல்நகரில் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. ஆனால் நாங்கள் சந்திப்பது கன்ரீனில் மட்டும். வவுனியாவும் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, கணிதம் கணினி படிக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். மிருக வைத்தியத்துக்கு மட்டும் பேராதனைக்குப் போக வேண்டும், நாட்டில் வேறு பீடம் இல்லை. அது டொக்டர் வந்தால் சரியாகிவிடும்.

பால்புத்தகம் (பாண்டியன்குளம் பக்கம்)

ஒருவரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நான் பால் சேகரிக்கிறேன். விடிய வீடு வீடாக அளந்து, கொழுப்புப் பார்த்து, புத்தகத்தில் எழுதுகிறேன். யாருடைய பசு கன்று போட்டது என்று விதானையாருக்கு முன்னால் எனக்குத் தெரியும், ஏனென்றால் சீம்பால் நாட்களில் அந்த வீட்டுப் பால் வராது, பிறகு ஒரேயடியாகக் கூடும். மாடு விற்றால் தெரியும். நோய் வந்தாலும் தெரியும், ஊசி மருந்து போட்டால் பால் எடுக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருப்பார். எத்தனை படிவம் அடித்தாலும் என் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு வரி போதும்: பிறப்பு, இறப்பு, விற்பனை. மாத முடிவில் சங்கம் அதைப் பிரதியெடுத்து வைத்திய அலுவலகத்துக்குக் கொடுக்கலாம்.

அப்படியே ஒன்று. எங்கள் வீடுகளில் பசுவைப் பார்ப்பது அநேகமாகப் பெண்கள். கணவரை இழந்து மாட்டை வைத்தே பிள்ளை வளர்க்கிற குடும்பங்கள் இங்கே நிறைய. படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று அண்ணன் பெயரோ மகன் பெயரோ போகிறது. பிறகு நட்டஈடும் அந்தப் பெயருக்குத்தான் வருகிறது. தாளை மாற்றுவதென்றால் அந்தக் கட்டத்தை முதலில் மாற்றுங்கள்.

கால்நடை_டொக்டர்

இது நல்ல யோசனை, நான் நினைத்துப் பார்க்காத ஒன்று. ஆனால் ஓட்டை இருக்கிறது அக்கா. பால் புத்தகத்தில் வராதது எது? நாம்பன், வற்றிய பசு, நாகு (இன்னும் கன்று போடாத இளம் பசு), ஆடு, இறைச்சிக்கு நிற்கிற எருமை. நோய் கொண்டுபோவதும் பெரும்பாலும் விற்பனைக்கு ஏறுகிற இந்தக் கூட்டம்தான். பட்டிக்காரன் போன்றவர்கள் காலபோகத்தில் காட்டோரம் இருக்கும்போது பாலே கறப்பதில்லை. ஆக உங்கள் புத்தகம் வீட்டு மாட்டுக்குப் பொருந்தும், பட்டி மாட்டுக்கு வேறு வழி வேண்டும்.

பட்டி மாட்டுக்கு என் விருப்பம் தடுப்பூசி நாள். எப்படியும் மாடு கிட்டிக்குள் (ஊசி போட மாட்டை அடைத்து நிறுத்துகிற சட்டத்துக்குள்) வரும், எப்படியும் நாங்கள் ஒவ்வொன்றையும் தொடுவோம். போட்ட ஊசியை எண்ணினால் மாட்டை எண்ணியாயிற்று. அன்றைக்கு விதானையாரும் கூட நின்று அதே எண்ணிக்கையில் கையெழுத்து வைத்தால் இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே கணக்கு.

ஓய்வு_விதானை (வவுனியா வடக்கு)

அதோடு இன்னொரு நாளும் இருக்கிறது. காலபோகம் தொடங்க முதல் பயிர்ச்செய்கைக் கூட்டம் வைப்பார்கள். எத்தனையாம் திகதிக்கு முன் மாடுகளை வயலை விட்டு அகற்ற வேண்டும் என்று அங்கேதான் முடிவெடுக்கிறார்கள். கமநல சேவை, நீர்ப்பாசனம், பிரதேச செயலகம், விவசாயிகள் எல்லோரும் இருப்பார்கள். மாட்டுக்காரரைக் கூப்பிடுவது குறைவு. கூப்பிட்டு, எந்தப் பட்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று அங்கேயே எழுதினால் இடம்மாறுகிற அறிவித்தல் முடிந்துவிடும். பயிரை மாடு தின்றது என்ற வழக்கும் பாதியாகும்.

பட்டிக்காரன் (துணுக்காய்)

எந்தப் பக்கம் சாய்கிறது என்று எழுதுவது சுலபம் ஐயா. சாய்வதற்கு இடம் எங்கே? முந்திய மேய்ச்சல் தரை சிலது இப்போது வனத்துக்கு என்று கல் நாட்டியிருக்கிறது, சிலது வயலாகிவிட்டது, சிலதுக்கு முள்ளுக்கம்பி. நான் போகிற இடத்தை எழுதிக் கொடுத்தால் அது எனக்கு எதிரான சாட்சியாகிவிடும். மேய்ச்சல் தரையை வரைபடத்தில் குறித்துத் தாருங்கள், மாட்டை நான் ஒவ்வொன்றாக எண்ணித் தருகிறேன்.

2009 க்குப் பிறகு மீளக் குடியேறி வந்தபோது காட்டில் நின்ற மாடுகளைப் பிடித்தோம். அப்போது குறிதான் கைகொடுத்தது. அப்பாவின் குறி தொடையில் இருந்த மாட்டை யாரும் கேட்கவில்லை, குறி இல்லாததுக்கு அடிபாடு. அதனால் பதிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதிவு எனக்கும் பாதுகாப்பு என்று ஆனால் நானே வந்து பதிவேன்.

நந்திக்கடல் (முல்லைத்தீவு)

மேய்ச்சல் தரை ஒரு தாளால் தீராது அண்ணை. ஆனால் எண்ணிக்கையே இல்லாமல் 'இவ்வளவு மாட்டுக்கு இவ்வளவு நிலம்' என்று கேட்கவும் முடியவில்லை. சங்கம் கடிதம் எழுதும்போதெல்லாம் அந்த இடத்தில்தான் நிற்கிறது. காணி விடயத்தையும் அதே குழுவின் வேலையில் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன், நில அளவை தெரிந்த ஒருவர் வேண்டும்.

இதுவரை வந்ததை வைத்து ஒரு அரைப்பக்கத் தாள் எழுதியிருக்கிறேன். வளர்ப்பவர் பெயர் (குடும்பத் தலைவர் அல்ல, மாட்டைப் பார்ப்பவர்), கிராம அலுவலர் பிரிவு, குறி அல்லது காது இலக்கம், இனவாரியாக எண்ணிக்கை, பிறப்பு, இறப்பு, இடமாற்றம். கடைசி வரியில் இது நோய்க் கட்டுப்பாட்டுக்கும் அழிவு விபரத்துக்கும் மட்டும் என்று. வீட்டு மாட்டுக்குப் பால் புத்தகம், பட்டிக்குத் தடுப்பூசி நாள். ஒரேயொரு கிராம அலுவலர் பிரிவில் மட்டும் பார்ப்போம். அப் இப்போதைக்கு இல்லை, தாள் நின்று பிடித்தால் பிறகு.

சட்டப்புள்ளி (வவுனியா)

நட்டஈட்டை அதற்குள் போடாதீர்கள். அது வந்தவுடன் எண்ணிக்கை மறுபடி கூடும். நோய்க் கட்டுப்பாடு மட்டும். அழிவு வந்தால் அந்த நேரம் கிராம அலுவலர் இந்தப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதற்கு வேறு வரி தேவையில்லை.

பட்டிக்காரன் (துணுக்காய்)

அது சரிதான், நான் கூட்டிச் சொல்வதை நானே மேலே எழுதிவிட்டேன், இனி மறைக்கவா போகிறேன். ஆனால் ஒப்பிடுவதென்றால் எங்களுக்கும் ஒரு பிரதி கையில் வேண்டும். அலுவலகத்தில் மட்டும் இருக்கிற கொப்பி தொலைந்தால் நட்டம் எங்களுக்கு.

கால்நடை_டொக்டர்

மூன்று பிரதி. ஒன்று வளர்ப்பவருக்கு, ஒன்று விதானையாருக்கு, ஒன்று எங்களுக்கு. காபன் தாள் வைத்து எழுதலாம். மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும், அதை நான் பார்க்கிறேன். எங்கள் படிவத்தில் இருக்கிற தொழுவம், வருமானக் கேள்விகளை எடுக்கச் சொல்லியும் அதே கடிதத்தில் எழுதுகிறேன்.

நந்திக்கடல் (முல்லைத்தீவு)

அப்போ சங்கக் கட்டடத்தில் ஒரு கூட்டம் வைப்போம். டொக்டர், இப்போதைய கிராம அலுவலர், பால்புத்தகம் அக்கா, பட்டிக்காரர் இரண்டு மூன்று பேர், இரண்டு பீடத்திலிருந்தும் ஆளுக்கொருவர். காலை பத்து மணி சரியா?

பால்புத்தகம் (பாண்டியன்குளம் பக்கம்)

பத்து மணிக்கு நான் பால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கமாட்டேன்.

பட்டிக்காரன் (துணுக்காய்)

மாடு திறந்து விடுகிற நேரமும் அதுதான். அலுவலக நேரத்தில் வைத்தால் அலுவலகக்காரர்தான் வருவார்கள்.

நந்திக்கடல் (முல்லைத்தீவு)

பின்னேரம் மூன்று மணி. டொக்டருக்கும் கிராம அலுவலருக்கும் நான் கதைக்கிறேன். தாளின் வரைவை நாளைக்கு இங்கே போடுகிறேன், பேனா தூக்க வைக்கிற கேள்வி எது என்று எல்லோரும் சொல்லுங்கள்.